பேராசிரியர் வாங்க மறுத்த காபி ஃபில்டர்

1

மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில், அடுத்தவர் கடை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து பாத்திரத்தில் பேர் வெட்டினேன். பிறகு அதே தெருவில் சொந்தமாக எவர்சில்வர் கடை வைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தம்பியைக் கூட்டிவந்து மெட்ராஸில் பேர்போன ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்க வைத்தேன். தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தேன். ஆதம்பாக்கத்தில் மனை வாங்கியபோது, "அங்க நரி வாடகைக்கு வருமா அண்ணாச்சி?" என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. வீட்டைக் கட்டி அவர்களையே கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டேன். தலை நரைத்த பிறகு விமானம் ஏறி, பாஷை தெரியாத இந்தப் பிட்ஸ்பர்க் நகரத்தில் மளிகைக் கடை திறந்தேன். முருங்கைக்காய் என்றால் மரக்குச்சி என்று நினைத்த ஊர் இது. இன்றைக்கு வெள்ளைக்காரப் பெண்கள் என் கடையில் வந்து கறிவேப்பிலை புதுசா, பழசா என்று முகர்ந்து பார்க்கிறார்கள்.

இவ்வளவுக்கும் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்து எனக்குக் கரும்பலகையில் வரவில்லை, உளிமுனையில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தும் அப்படித்தான். பி.ஏ., பி.எல்., எம்.பி.பி.எஸ். என்று ஊரார் பட்டத்தையெல்லாம் பாத்திரத்தில் வெட்டி வெட்டியே ஏ முதல் இசட் வரை கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் கல்யாணமான பெண்களின் சீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பாருங்கள். எங்காவது ஓர் ஓரத்தில் என் கை இருக்கும்.

இப்படிச் சொன்னால் பெருமை அடிக்கிறான் என்பார்கள். ஆமாம், அடிக்கிறேன். எனக்காக அதை வேறு யாரும் செய்யப் போவதில்லை என்பது இந்த வாரம் தெரிந்துபோயிற்று. நான்கு நாளாக எனக்கு ஓர் இடத்தில் உட்கார இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் நம் ஊர்ப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன்.

2

இங்கே பிள்ளைகள் காலேஜுக்கு மனுப் போட மார்க் மட்டும் போதாது. வாத்தியார் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டும். அந்த வாத்தியாருக்கு வசதியாக, பெற்றவர்கள் தங்கள் பிள்ளையைப் பற்றி ஒரு தாள் நிரப்பித் தர வேண்டும். அந்தத் தாளுக்கு இங்கிலீஷில் 'பெருமையடிக்கும் தாள்' என்றே பேர் வைத்து அச்சடித்திருக்கிறார்கள். என் பேத்தி மாயா பள்ளியிலிருந்து அதைக் கொண்டுவந்தாள்.

என் மகன் செல்வம் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறான். தாளை எதிரில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே இருந்தான். எட்டிப் பார்த்தேன். மாயா நல்ல பெண், வீட்டு வேலைக்கு உதவுவாள், பெரியவர்களிடம் மரியாதை உண்டு என்று எழுதியிருந்தான்.

"ஏல, காலேஜுக்கு எழுதுதியா, மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதுதியா?" என்றேன்.

"வேற என்னப்பா எழுத? நம்ம பிள்ளைய நாமளே எப்படி..."

இதே வசனத்தை, இதே குரலில், தொள்ளாயிரத்து எழுபதிலோ எழுபத்தொன்றிலோ, மாம்பலத்தில் கேட்டிருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன். பேனாவை அவன் கையிலேயே விட்டுவிட்டு நான் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். போன பனிக்காலத்தில் எங்கள் பகுதியில் கரண்ட் போய்விட்டது. கடை ஃபிரிட்ஜில் இருந்த பால், தயிர், இட்லி மாவு எல்லாம் வீணாகும் என்று நான் தலையில் கை வைத்தபோது, வெளியேதான் ஃபிரிட்ஜைவிட அதிகக் குளிர் இருக்கிறதே என்று சொல்லி, அத்தனையையும் கொல்லைப் பனியில் புதைத்து அடையாளக் குச்சி நட்டவள் மாயா. அதை எழுதச் சொன்னேன். வாத்தியாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

அதோடு நின்றிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். மனுவோடு மாயா ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டும். எங்கள் குடும்பம் அமெரிக்கா வந்த கதையை எழுதியிருந்தாள். சாப்பிடும்போது வாசித்து, எனக்காகத் தமிழிலும் சொன்னாள்.

கதை இதுதான். மெட்ராஸில் ஓர் ஏழை மாணவன். அவன் திறமையை ஒரு பேராசிரியர் தானாகவே கண்டுகொண்டார். கேட்காமலே ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினார். அந்த ஒரு கடிதத்தால் ஒரு குடும்பமே கடல் கடந்தது. அந்த மாணவன் என் தம்பி பரமசிவம். உலோகவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, இங்கே பெரிய காலேஜில் பாடம் சொல்லி, இப்போது கலிபோர்னியாவில் ஓய்வாக இருக்கிறான்.

நான் என் முறைக்காகக் காத்திருந்தேன். கட்டுரை முடிந்துவிட்டது.

"நான் எங்கம்மா?"

"இருக்கீங்களே தாத்தா. லாஸ்ட் பாரா. அப்புறம் அவர் தன் பிரதரையும் ஸ்பான்சர் பண்ணினார்னு போட்டிருக்கேன்."

"பேரு?"

"வேர்ட் லிமிட் இருக்கு தாத்தா. ஸ்பேஸ் இல்ல."

"இந்தக் கதைய யாரு சொன்னது?"

"சின்னத் தாத்தாதான். போன்ல இன்டர்வியூ பண்ணேன்."

சோற்றில் ரசத்தை ஊற்றியவன் அப்படியே எழுந்துவிட்டேன்.

3

கேட்காமலே எழுதினாராம். எவ்வளவு கேட்டோம் என்று எனக்கல்லவா தெரியும்!

அப்போது கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் நானும் தம்பியும் இருந்தோம். அமெரிக்கக் காலேஜிலிருந்து அவனுக்கு விமானத் தபாலில் விண்ணப்பப் பாரம் வந்தது. பணம் காசு எல்லாம் அவர்களே தருவார்களாம். அவனுடைய பேராசிரியர் ஒருவர் கடிதம் கொடுத்தால் போதும். துறைக்குப் பெரியவர் டாக்டர் வைத்தீஸ்வரன். மாணவர்கள் அவர் நிழலை மிதிக்கக்கூடப் பயப்படுவார்கள். மாணவன் வீட்டுக் காபியைத் தொட்டதில்லை என்று பேர் எடுத்தவர். அவர் எழுதினால் அமெரிக்காவில் மறுபேச்சு இல்லை என்பார்கள்.

தம்பி பல நாள் அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்து, கடைசியில் ஒருவழியாகக் கேட்டுவிட்டான். அவர், "நீயே எழுதிண்டு வா, நான் பாத்துக் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்துப் பேராசிரியர்களின் வழக்கம் அது. இவன் எழுதிக்கொண்டு போனான். கீழ்ப்படிதல் உள்ளவன், நன்னடத்தை உள்ளவன், ஏழையானாலும் மரியாதையான குடும்பம். நம் ஊரில் சர்டிபிகேட் என்றால் அதுதானே? பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது தலைமையாசிரியர் அப்படித்தான் கொடுப்பார். இவன் அதையே அமெரிக்காவுக்கும் எழுதிவிட்டான்.

பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "நீ நல்ல பையன்னு அமெரிக்காக்காரனுக்கு என்னத்துக்குடா? நீ என்ன பண்ணினே, அதை எழுது. நாளன்னிக்கு நான் வடக்கே போறேன், வர ஒரு மாசம் ஆகும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து வந்தால் பாரத்தின் கடைசித் தேதி போயிருக்கும்.

அன்று சாயங்காலம் தம்பி எழுதினான், கிழித்தான். மறுபடி எழுதினான், கிழித்தான். கடையிலிருந்து நான் கத்தினேன்:

"என்னல, தாளைத் தின்னுதியா?"

"ஒண்ணும் வரலண்ணே."

"உன்னப் பத்தி எழுதத்தானல சொன்னாரு? தெரியாத ஆளா?"

"நான் கெட்டிக்காரன்னு நானே எப்படிண்ணே எழுத? பாக்கிறவன் சிரிக்க மாட்டானா?"

"அப்ப அந்தச் சொம்பு விஷயத்த எழுது."

"அத எழுதினா காலேஜை விட்டே அனுப்பிருவாவ."

சொம்பு விஷயம் என்னவென்றால் இதுதான். எங்கள் கடைக்குச் சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறையிலிருந்து எவர்சில்வர் சொம்பு வரும். பட்டறைக்காரர் காதர் பாய். ஒரு சமயம் வந்த சரக்கில் ஒரு கோளாறு. அலமாரியில் சும்மா வைத்த சொம்பு, யாரும் தொடாமலே, டங் என்று விளிம்பிலிருந்து கீழ்வரை பிளந்துகொள்ளும். வாங்கிப்போனவர்கள் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். நான் பட்டறைக்குப் போனேன்.

"இன்னா அண்ணாச்சி, எம் மேல பழி போட்றே?" என்றார் பாய். "எம் பட்டறையில ஒண்ணும் வெடிக்கல. உன் கடையிலதான் இன்னாமோ கீது. முதல்ல கடைக்கு எலுமிச்சம்பழம் சுத்து."

"பாய், நீங்க சுத்துறது தகடு, என்னைச் சுத்தாதிய."

தம்பி அப்போது இரண்டாம் வருஷம். பிளந்த சொம்பில் ஒன்றிரண்டைத் துண்டு போட்டு எடுத்துக்கொண்டு போனான். லேபில் தேய்த்து, திராவகத்தில் முக்கி, பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தான். வந்து சொன்னான்: தகட்டை ஆழமாக இழுத்துச் சொம்பாக்கும்போது அதற்குள் ஒரு முறுக்கு நின்றுவிடுகிறது, அது உள்ளேயே இருந்து நாள் பார்த்துப் பிளக்கிறது, பாலீஷ் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை நன்றாகச் சூடாக்கி ஆறவிட்டால் முறுக்கு போய்விடும். பாய் முதலில் கேட்கவில்லை. "செஞ்ச சொம்ப மறுபடி அடுப்புல போடச் சொல்றியே நைனா, இது சொம்பா, சோளக்கருதா?" என்றார். பிறகு என் தொல்லை தாங்காமல் ஒரு சரக்கைச் சுட்டு அனுப்பினார். அதற்கப்புறம் ஒரு சொம்பும் வெடிக்கவில்லை.

ஆனால் லேபில் அந்தக் கருவியைத் தொட மாணவனுக்கு அனுமதி கிடையாது. அட்டெண்டரைக் கையைக் காலைப் பிடித்து, எல்லாரும் போன பிறகு பார்த்திருக்கிறான். அதனால்தான் அந்தப் பயம். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம் அது. அதைத்தான் எழுத முடியாது என்று உட்கார்ந்திருந்தான்.

எனக்கு அப்படிப்பட்ட பயம் கிடையாது. ஒரு காரியம் செய்தால் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்தால் அது நடந்ததாகவே ஆகாது.

4

மறுநாள் சாயங்காலம் தம்பியிடம் சொல்லாமல் பேராசிரியர் வீட்டுக்குப் புறப்பட்டேன். பெரிய மனிதர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. கடையிலேயே உசத்தியான எவர்சில்வர் காபி ஃபில்டரை எடுத்தேன். மயிலாப்பூர் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது?

இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. பேர் வெட்டாத பாத்திரத்தை என் கை வெளியே விடாது. உட்கார்ந்து, புள்ளி புள்ளியாக, என் ஆயுசிலேயே அழகான எழுத்தில் வெட்டினேன். 'பேராசிரியர் டாக்டர் வைத்தீஸ்வரன், எம்.எஸ்ஸி., பிஎச்.டி. அவர்களுக்கு அன்பளிப்பு. மா. சுடலைமுத்து, மாம்பலம்.'

குளத்துக்குத் தெற்கே ஒரு தெருவில் வீடு. வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, தட்டில் பழம், வெற்றிலை, நடுவில் ஃபில்டரோடு நின்றேன். கதவைத் திறந்த மாமி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கல்யாணப் பத்திரிகையா? யாராத்துலேருந்து வரேள்?"

"இல்லம்மா, ஐயாகிட்ட தம்பி படிக்கான். மாம்பலத்திலிருந்து வாரேன்."

மாமி வாசலை ஒட்டிய ரேழியில் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பேராசிரியர் பனியனும் வேட்டியுமாக வந்தார். ஒல்லியான ஆள். தட்டைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"என்ன இது?"

"சும்மா சார், காபிக்கு."

ஃபில்டரைக் கையில் எடுத்தார். திருப்பினார். தன் பேரைத் தானே வாசித்தார். அடுத்தாற்போல் என் பேரையும்.

"ஏன்யா, இதுல என் பேரை வேற வெட்டிருக்கேளா? டிகிரியோட? நாளைக்கு இவாத்துக் காபி எந்தக் கடிதத்துக்கு வந்ததுன்னு நாலு பேர் வாசிக்கணுமா? இதுவரைக்கும் ஒரு பென்சில் வாங்கினதில்லை நான். உங்க தம்பி பேர் என்ன?"

"பரமசிவம் சார்."

"அவனா? அவனுக்குக் கடிதம் கிடையாது. எடுத்துண்டு கிளம்புங்கோ."

தட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டியவன்தான். கால் நகரவில்லை. நான் போனால் தம்பியும் போய்விட்டான் என்று அர்த்தம். அவனை அமெரிக்காவுக்கு அனுப்ப வந்தவன், உள்ளூரிலேயே அவன் கதையை முடித்துவிட்டுத் திரும்புவதா?

"சார், பாத்திரத்தக் கொண்டுபோயிருதேன். என் தப்பு, அவன் தலையில போடாதிய. அவனுக்குத் தன்னப் பத்திச் சொல்ல வராது. நான் சொல்லிட்டுப் போயிருதேன். கேட்டுட்டு அப்புறம் கிடையாதுன்னு சொல்லுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டேன். சொம்பு டங் என்று பிளந்தது முதல் காதர் பாய் எலுமிச்சம்பழம் வரைக்கும், கையைக் காலை ஆட்டி, பட்டறையை அந்த ரேழிக்கே கொண்டுவந்தேன். என் தம்பியைப் போல மூளை இந்த மெட்ராஸிலேயே இல்லை என்றேன். லேபில் தேய்த்தான், முக்கினான், பார்த்தான் என்று வேகத்தில் சொல்லிவிட்டேன்.

"எந்த மைக்ராஸ்கோப்ல பாத்தான்?"

அப்போதுதான் வாய் நின்றது.

"காலேஜ்லதான் சார்."

"யார் பர்மிஷன் குடுத்தா?"

தெருவில் ஒரு காய்கறிக்காரி கூவிக்கொண்டு போனாள். ஒரு கடிதம் வாங்க வந்தவன், அவன் படிப்பையே போக்கிவிட்டேனோ?

உள் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமிதான் வாயைத் திறந்தார்.

"ஏன்னா, நம்மாத்துக் கூஜாவும் அப்படித்தானே விண்டுது? வாங்கிண்டு வந்து அலமாரியில வச்சது வச்சபடி இருந்ததே."

"அது பூனை தள்ளினது."

"பூனைன்னு நீங்கதான் சொன்னேள். அன்னிக்கு அலமாரி சாத்தியிருந்தது. நான் சொன்னா யார் கேக்கறா?"

மாமி உள்ளே போய்ப் பரணிலிருந்து அந்தக் கூஜாவை எடுத்துவந்தார். விளிம்பிலிருந்து கீழ்வரை ஒரே கோடாகப் பிளவு. எங்கள் சொம்பு மாதிரியே. பேராசிரியர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விரலால் பிளவைத் தடவினார். நெளிவு ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பூனை இல்லை" என்றார்.

மாமி சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

"நாளைக்குக் கார்த்தால, நான் ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி, அந்தத் துண்டையெல்லாம் எடுத்துண்டு அவனை வரச் சொல்லுங்கோ. லேப் விஷயத்துக்கு உதை உண்டுன்னும் சொல்லுங்கோ. டிராஃப்ட் வேண்டாம். நான் எழுதறேன்."

நான் தட்டை அங்கேயே வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன்.

"ஓய், அதை எடுத்துண்டு போம்!"

"பேர் வெட்டிட்டேனே சார், இனி யாருக்கு விக்க முடியும்?"

"அழிச்சுடும்."

"வெட்டினது அழியாது சார்."

"அப்போ என் பேரைச் சொல்லி நீரே காபி குடியும்!"

பழத்தில் ஒன்றை மட்டும் மாமி எடுத்துக்கொண்டார். சைக்கிளை மிதித்த மிதியில் லஸ் எப்போது வந்தது, பாண்டி பஜார் எப்போது வந்தது என்று தெரியவில்லை.

5

விஷயத்தைச் சொன்னதும் தம்பி என்னை அடிக்க வராத குறை.

"ஏன்ணே போனீய? லேப் விஷயத்த அவருகிட்டயே போயி சொன்னீயளா? என் மானத்த வாங்கிட்டியளே!"

"மானம் இருக்கட்டும்ல. பெட்டியில வச்சிருக்கியே, அந்தச் சொம்புத் துண்ட எடு."

விடிந்ததும் போனான். திட்டு வாங்கினான். துண்டுகளைக் காட்டினான். அவர் இவன் எதிரிலேயே கடிதத்தைத் தட்டச்சு செய்து, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். என்ன எழுதினார் என்று அப்போது தெரியாது. அமெரிக்கா போய் இறங்கியதும் அங்கிருந்த பேராசிரியர் இவன் கையைக் குலுக்கி, "வெடிக்கும் பானைப் பையன் நீதானா?" என்று கேட்டாராம். தம்பி எனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே அது இருந்தது. அந்த வரியை நான் பாய்க்குப் படித்துக் காட்டினேன். "பானை என்னுதுன்னு எழுதச் சொல்லு" என்றார் பாய். அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது.

வருஷங்கள் போய், தம்பி என்னைக் கூப்பிட்டான். விசா ஆபீஸில் ஒரு வெள்ளைக்காரர் என் தாள்களைப் புரட்டிக்கொண்டே ஆதியில் என்ன தொழில் என்று கேட்டார். "ஐ கட் நேம்ஸ்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்திலிருந்த தமிழ்க்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கிச் சொன்னாள். அன்றைக்கு நிரப்பிய தாள்கள் கொஞ்சநஞ்சமில்லை. எல்லாவற்றிலும் ஒரு கட்டம்: உன்னை வரவழைப்பவர் யார்? டாக்டர் பரமசிவம், தம்பி. அவன் என்னைக் கூப்பிட்டதற்கு அத்தனை தாள் சாட்சி இருக்கிறது. அவனை நான் அனுப்பியதற்கு ஒரு தாளிலும் ஒரு கட்டம் இல்லை.

இதையெல்லாம் இத்தனை வருஷம் நான் நினைத்ததே இல்லை. காலையில் கடை வாசல் பனியைத் தள்ளி உப்புத் தூவ வேண்டும், இல்லையென்றால் எவனாவது வழுக்கி விழுந்து கேஸ் போடுவான். பருப்பு லாரி வரும், சுகாதார ஆபீஸர் வருவார், லைசென்ஸைப் புதுப்பிக்க வரிசையில் நிற்க வேண்டும். நினைக்க எங்கே நேரம்? இப்போது நான்கு நாளாக உப்பைத் தூவிய இடத்திலேயே மறுபடி தூவுகிறேன். கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். "அப்பா, கஸ்டமர்ஸ் பயப்படறாங்க" என்கிறான் செல்வம்.

6

தம்பிக்குப் போன் போட்டேன்.

"என்னல, பேராசிரியர் கேக்காமலே எழுதினாராமே?"

"சின்னப் பிள்ளைக்குக் கதை சொல்லும்போது சுருக்கித்தானே அண்ணே சொல்லணும்."

"சுருக்கினதுல நான் போயிட்டேன்."

"அப்படி இல்லண்ணே. ஆனா ஒண்ணு, நீங்க போகாட்டியும் அவரு எழுதியிருப்பாரு. மறுநாள் எப்படியும் நான் போயிருப்பேன். துண்டப் பாத்திருப்பாரு."

"நீ துண்ட எடுத்துட்டுப் போயிருப்பியால? தாளையே முழுங்கிட்டு உக்காந்திருந்த பய!"

"போயிருப்பேன்ணே."

போனை வைத்துவிட்டேன். போயிருப்பானா? பேராசிரியர் காலமாகி எவ்வளவோ வருஷம் ஆயிற்று. மாமியும் இல்லை, பாயும் இல்லை. அந்த ரேழியில் நடந்ததற்கு உயிரோடு இருக்கும் சாட்சி நான் ஒருவன். சம்பந்தப்பட்டவன் சாட்சி சொன்னால் எடுபடாது. கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். ஒருவேளை போயிருக்கலாம். ஆனால் தானாகப் போகவில்லை. போனவன் நான். நடக்காததற்குப் பேர் கொடுத்துவிட்டு நடந்ததற்குக் கொடுக்காமல் விடுவது என்ன நியாயம்?

நேற்றுக் காலை மாயா சமையலறைக்கு வந்தாள். நான் டிக்காஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். ஆம், அதே ஃபில்டரில்தான். மாம்பலத்திலிருந்து ஆதம்பாக்கம் போய், பெட்டியில் புடவைக்கு நடுவே சுற்றிக்கொண்டு கடல் தாண்டி வந்தது. பேராசிரியர் சொன்னபடி இத்தனை வருஷமாக அவர் பேரைச் சொல்லித்தான் காபி குடிக்கிறேன்.

"இன்னும் கோவமா தாத்தா?"

அவள் விரலைப் பிடித்து ஃபில்டரின் வயிற்றில் வைத்தேன். "இதுல என்ன போட்டிருக்கு, வாசி."

"வாசிக்கறதா? இது டிசைன் இல்லையா?"

இந்த வீட்டில் பிறந்து, தினமும் இதைப் பார்த்து வளர்ந்த பெண். என் எழுத்தைப் பூவேலைப்பாடு என்று நினைத்திருக்கிறாள். யாரைக் குறை சொல்ல? தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எல்லாரும் கடையில் இருந்தோம். புள்ளி புள்ளியாக அவள் விரலை நகர்த்தி, பேராசிரியரின் பேரை வாசித்துக் காட்டினேன். என் பேரையும். பிறகு ரேழியை, கூஜாவை, பூனையை, எல்லாவற்றையும் சொன்னேன். பூனைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு யோசித்தாள்.

"அவர் வாங்கலையே தாத்தா. அப்புறம் இது எப்படி கிஃப்ட்?"

"நான் குடுத்தேன். அதான் வெட்டியிருக்கே."

"என் எஸ்ஸே ஃபுல் ஆயிடுச்சு தாத்தா. ஒரு லைன் போடணும்னா வேற ஒண்ண எடுக்கணும்."

"எடு. டம்ளர் விளிம்புல ஒரு குடும்பத்துப் பேரையே கொள்ள வச்சவன் நான். உன் தாள்ல எனக்கு ஒரு வரி இடம் கிடையாதா?"

"பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். இந்த ஊரில் 'பார்க்கிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கட்டுரை போகிறது. தம்பி, நம் ஊர்ப் பத்திரிகை கலிபோர்னியாவுக்கும் வரும் என்று எனக்குத் தெரியும். நீ இதைப் படிப்பாய். பேராசிரியரின் பங்கை நான் கேட்கவில்லை. அது அவருடையது, தாராளமாகச் சொல். உன் மூளையையும் நான் கேட்கவில்லை. மயிலாப்பூருக்கு சைக்கிள் மிதித்த அந்த ஒரு சாயங்காலத்தைக் கேட்கிறேன். அது என்னுடையது. எந்த மேடையில் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசினாலும் இனி அதைச் சேர்த்துச் சொல். மாயா, நீயும் எழுது. 'பிரதர்' போதாது. வெட்டுகிற மாதிரி எழுத வேண்டும், இனிஷியல் விடாமல்:

மா. சுடலைமுத்து, மாம்பலம்.